கம்பளி போகிற அகலம்

அக்கா யாருடைய முகத்தையும் முதலில் பார்க்கமாட்டாள். காலைத்தான் பார்ப்பாள். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய சின்னதுரை பங்களாவை விருந்தினர் விடுதியாக மாற்றி, நான் அங்கே வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வெளிநாட்டுக்காரர்கள் வேனில் வந்து இறங்குவார்கள். நான் முன்வாசலில் நின்று கைகூப்பிப் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பேன். அக்கா மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவர்களுடைய சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“அந்த நீலச் சப்பாத்து அம்மாவுக்கு வலது முட்டி சரியில்ல புள்ள. மேல ஏத்தாத. குளத்தோரமாவே கூட்டிட்டுப் போகச் சொல்லு” என்பாள்.

இரண்டு எட்டு நடந்ததைப் பார்த்தே சொல்லிவிடுவாள். சாப்பாட்டு மேசையில் அந்த அம்மா முழங்காலில் ஆப்பரேஷன் செய்த கதையை ஆரம்பிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. காலையில் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை வேலைக்கு ஆள் கூப்பிடும்போது மட்டும் அது வெளியே வரும். மற்றபடி லயத்தில் எல்லாருக்கும் அவள் பாதைக்காரி. எனக்கு அக்கா. உறவு ஒன்றும் இல்லை. ஒரே லயத்து வீட்டு வரிசையில் நாங்கள் நான்காவது காம்பரா, அவள் ஏழாவது காம்பரா, அவ்வளவுதான். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை.

எங்கள் விடுதிக்கு வருகிறவர்கள் மலை ஏற வருகிறவர்கள் இல்லை. ஏறுகிறவர்கள் எல்ல மலைப் பக்கம் போய்விடுவார்கள். எங்களிடம் வருவது வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், இதயத்தில் ஏதோ பொருத்தியிருப்பவர்கள். மூச்சு வாங்காமல் நடக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்பார்கள். இருந்தது. தோட்டத்துக் குளத்தைச் சுற்றி முக்கால் மணி நேரம் நடக்கலாம். குளத்திலிருந்து வழியும் ஆற்றின் ஓரமாகவே பெரிய ரோடுவரை போனால் ஒரு மணி நேரம். இரண்டுக்கும் நான் ஓர் அட்டையில் ஆங்கிலத்தில் ‘மிகவும் எளிது’ என்று எழுதி, மூலையில் ஒரு தேயிலைக் கொழுந்தும் வரைந்து, ஒவ்வொரு அறையிலும் வைத்திருந்தேன். போகிறவர்கள் திரும்பி வந்து, இவ்வளவு சீரான பாதையை எங்கேயும் பார்த்ததில்லை என்பார்கள். யார் போட்டது என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

மேல் லயத்துக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவே முன்பு லொறிப் பாதை ஒன்று இருந்தது. மண்சரிவில் அது பாதியில் அறுந்துபோனது. மறுபடி போடுவதாக வருகிற போகிற எல்லாரும் சொன்னார்கள். மிஞ்சியது தேயிலைக்கு நடுவே நேராக இறங்கும் குறுக்குப் பாதை. அதில் வெறுங்கையோடு இறங்கினாலே தொடை நடுங்கும். அக்காவின் தங்கச்சிக்கு வலி எடுத்த அன்று மழை. இரண்டு கம்புகளில் கம்பளியைச் சுற்றிக் கட்டி, அவளை அதில் கிடத்தி, நாலு ஆண்கள் தூக்கிக்கொண்டு அந்தக் குறுக்கில் இறங்கியிருக்கிறார்கள். முன்னால் பிடித்தவருக்குக் கால் வழுக்கியது. தங்கச்சி பிழைத்துக்கொண்டாள். பிள்ளை பிழைக்கவில்லை.

எல்லாரும் மழையைத் திட்டினார்கள், தோட்டத்தைத் திட்டினார்கள், கால் வழுக்கியவரைக்கூடத் திட்டினார்கள். அக்கா யாரையும் திட்டவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, குளத்தையும் ஆற்றையும் ஒட்டிச் சுற்றி ரோட்டுக்கு இறங்கும் பாதை ஒன்று வெட்ட, மம்பட்டியை எடுத்துக்கொண்டு குளத்தோரம் போய்விட்டாள்.

ஏன் அக்கா இப்படி நாயாய் உழைக்கிறாய் என்று நான் ஒருமுறை கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

“தூக்கிட்டுப் போறவன் கீழ பாக்க முடியாது புள்ள. கம்பு தோள்ல இருக்கும், கண்ணு முன்னால போறவன் முதுகுல இருக்கும். காலுக்குக் கண்ணு கெடையாது. அப்ப பாதைதான் பாத்துக்கிடணும்.”

அவளுடைய வேலை முழுக்க இந்த ஒரு கணக்கில்தான் நடந்தது. கல் நீட்டக்கூடாது. வேர் நீட்டக்கூடாது. படி கூடவே கூடாது, படி இருந்தால் முன்னால் போகிறவன் இறங்கும்போது பின்னால் இருக்கிறவனுக்குக் கம்பு எகிறும் என்பாள். எங்கேயும் சரிவாகவே இறங்கவேண்டும். ஒரு துண்டு வெட்டி முடித்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு அதில் நடந்து பார்ப்பாள். எந்த இடத்தில் கால் தயங்குகிறதோ அந்த இடத்தை மறுபடி வெட்டுவாள். ஒவ்வொரு திருப்பத்திலும் தன் நீளக் கம்பைக் குறுக்கே போட்டுத் திருப்பிப் பார்ப்பாள். கம்பு கரையில் இடித்தால் கரையைச் செதுக்குவாள். பகலெல்லாம் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் இந்த வேலை. வருடக்கணக்கில் செய்தாள். அவளுடைய புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே இருந்துவிட்டான். ஒரே மகளை மொனராகலையில் கட்டிக்கொடுத்திருந்தாள். வீட்டில் காத்திருக்க ஆள் இல்லாததால் இருட்டும்வரை வெட்டுவாள்.

அந்தக் குளம் அழகானது. ஊருக்கே தெரியும். காலையில் பனி அதன்மேல் படுத்துக்கிடக்கும், எதிர்க்கரையில் டர்பன்டைன் மரங்கள் வரிசையாக நிற்கும். அக்கா அதை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அவள்மேல் பாசம் வந்து, தூரத்தில் இருந்த ஏதோ பறவையைக் காட்டுவதற்காகத் தன் தூரக்கண்ணாடியைக் கையில் திணித்தார். அக்கா வாங்கிக் கண்ணில் வைத்து, மெல்ல எதிர்க்கரைப் பக்கம் திருப்பி, கொஞ்ச நேரம் கூர்ந்து பார்த்தாள்.

“அந்தக் கரை ரெண்டு முழம் இடிஞ்சிருக்கு புள்ள. நேத்து மழையில போயிருக்கு” என்று கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தாள்.

கிழவர் பறவையைப் பார்த்தாளா என்று என்னிடம் கேட்டார். பார்த்தாள், மிகவும் அழகாக இருக்கிறதாம் என்று சொன்னேன். அப்படிச் சொல்வதுதான் என் உத்தியோகம். யாருக்கு எது இனிக்குமோ அதைச் சொல்வேன்.

லயத்தில் எல்லாருக்கும் அவளைப் பிடிக்கும் என்று சொல்லமுடியாது. ஐந்தாவது காம்பரா மாரிமுத்து அண்ணன் பாதையோரத்தில் ஒரு முழ அகலத்துக்குப் போஞ்சி நட்டார். அவருக்கு வேறு நிலம் இல்லை. கொடி பூவிடும் நேரம் பார்த்து அக்கா அத்தனையையும் பிடுங்கி, ஒழுங்காகக் கட்டி, அவர் வாசலிலேயே கொண்டுவந்து வைத்தாள்.

“ஒனக்கு ஈவு இரக்கம் இருக்கா? பாதை ஒன் அப்பன் வீட்டுதா?” என்று அண்ணன் கத்தினார்.

“ஒரு முழம் போச்சுன்னா கம்பளி போகாது” என்றாள் அக்கா. வேறு விளக்கம் இல்லை. மன்னிப்பும் இல்லை.

அண்ணனின் மனைவி செல்வி மதினிதான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். “விடுங்க, நாளைக்கு ஒங்களத் தூக்கிட்டுப் போறப்ப எடம் வேணுமில்ல” என்றாள். அண்ணன் ஒரு மாதம் அக்காவோடு பேசவில்லை. மதினி பேசினாள். மதினி எல்லாரோடும் பேசுவாள்.

விடுதி முதலாளி கொழும்புக்காரர். மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் போனில்தான். சிங்களத்தில் மடமடவென்று பேசுவார், கேட்டதற்கு உடனே பதில் வேண்டும், ஆனால் கெட்ட மனுஷன் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

ஆற்றோரப் பாதையில் ஒரு சரிவைக் கருங்கல் படிகளாகக் கட்டினால் படம் எடுக்க நன்றாக இருக்கும் என்று அவர் ஒருமுறை சொன்னார். மேசன் வந்து கல்லும் இறக்கிவிட்டார்கள். அக்கா அன்று மாலையே என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“படி வேணாமுன்னு அவருகிட்ட சொல்லு. தூக்கிட்டுப் போக ஏலாது.”

நான் போனில் சொன்னேன். அவர் இரண்டு விநாடிகூட யோசிக்கவில்லை. “நோயாளிகளைக் கொண்டுபோகும் பாதையா? எனக்குத் தெரியாதே. அப்படியானால் வேண்டாம்” என்றார். கல்லையெல்லாம் பூப்பாத்திக்குக் கரை கட்டிவிட்டோம். அக்காவிடம் சொன்னபோது அவள் முகம் மலர்ந்தது. “நீ அங்க உக்காந்திருக்கது நல்லதாப் போச்சு புள்ள. நம்ம சொல்லுறதச் சொல்ல ஒரு ஆளு இருக்கு” என்றாள். லயத்தில் எல்லாரிடமும் போய்ச் சொன்னாள். எனக்கு அன்று தலைகால் புரியவில்லை.

அடுத்த வருடம் டவுன் பையன்கள் மோட்டார் சைக்கிளை ஆற்றோரப் பாதையில் விட ஆரம்பித்தார்கள். மாடுகள் வேறு. ஓர் அம்மா சாணியில் மிதித்துவிட்டு, விடுதியைப் பற்றி இன்டர்நெட்டில் கண்டபடி எழுதிவிட்டுப் போனாள். முதலாளி போனில் கொதித்தார். “நீதானே அங்கே இருக்கிறாய், ஏதாவது செய்” என்றார்.

நான் செய்தேன். போனில் தேடித்தேடி ஒரு கேட்டின் படம் கண்டுபிடித்தேன். இரும்புக் குழாயை வளைத்து ஒரு சின்னக் கூண்டு, அதற்குள் ஆடுகிற ஒரு கதவு. ஆள் கூண்டுக்குள் நுழைந்து, கதவைத் தன்னைத் தாண்டித் தள்ளிவிட்டு, திரும்பி வெளியே போகலாம். ஒரு நேரத்தில் ஒருவர். மாடு போகாது, மோட்டார் சைக்கிள் போகாது. பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. பண்டாரவளையிலிருந்து வெல்டிங்காரர் வந்து பொருத்திக் கொடுத்தார். இடத்தையும் நான்தான் காட்டினேன். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆறு, நடுவே பாதை மட்டும் போகிற இடம். சுற்றிக்கொண்டு போக வழியே கிடையாது.

லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். எத்தனை பேரை அந்தக் கம்பளியில் கொண்டுபோவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். என் அப்பாவையே அப்படித்தான் கொண்டுபோனார்கள். அந்த இடத்தில் நின்று கையை நீட்டி, ‘இங்கே போடுங்கள்’ என்று வெல்டிங்காரரிடம் சொன்னபோது அது ஒன்றுகூட என் நினைவுக்கு வரவில்லை. சப்பாத்தில் சாணி படாமல் நடப்பது எப்படி என்பது மட்டும்தான் மண்டைக்குள் இருந்தது.

முதலாளி வந்து பார்த்துவிட்டு அசந்துபோனார். விருந்தினர்கள் முன்னாலேயே என்னைக் காட்டி, “இது இந்தப் பிள்ளையின் யோசனை” என்றார். அடுத்த வருடம் என்னை மனேஜராக்கலாமா என்று பார்ப்பதாகவும் சொன்னார்.

அன்று சாயந்தரம் அக்கா வந்தாள். கேட்டுக்குப் போய்விட்டுத்தான் வந்திருக்கிறாள். கம்பு கையில் இருந்தது.

“புள்ள, அதுல கம்பளி திரும்பாது” என்றாள்.

“இப்ப யாரக்கா தூக்கிட்டுப் போறாங்க? மூணு வருசமா ஒருத்தரையும் தூக்கல்லையே.”

“அது சொல்லிக்கிட்டா வரும்? அவருகிட்ட சொல்லு. எடுக்க வேணாம், அகலமாப் போடச் சொல்லு.”

“சொல்றேன்.”

சொல்லவில்லை. என்ன என்று சொல்வது? நீங்கள் பாராட்டிய யோசனை முட்டாள்தனமானது, அதைச் சொன்ன நான் முட்டாள் என்றா? நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். பிறகு அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல்லலாம் என்று வைத்தேன். மனேஜராக்கிவிட்டால் அப்புறம் நானே மாற்றிவிடலாம் என்றும் ஒரு கணக்குப் போட்டேன். அக்கா இரண்டு கிழமை கழித்து மறுபடி கேட்டாள்.

“சொல்லிட்டேன்க்கா. சேர் யோசிக்கிறாரு.”

பச்சைப் பொய். வாய் கூசவே இல்லை. மூன்றாவது முறை கேட்டபோது, “வெல்டிங்காரன் வரணும்ல” என்றேன். தன் கையால் வெட்டிய தரையைக்கூடக் கண்ணை மூடி நடந்து சோதித்துப் பார்க்கிறவள், என் வார்த்தையைச் சோதிக்கவில்லை. மாரிமுத்து அண்ணனின் போஞ்சியைப் பிடுங்கியதுபோல அந்தக் கேட்டையும் ஓர் இரவில் பிடுங்கிப் போட்டிருப்பாள், முடியாதவள் இல்லை. நான்தான் தடை. “அவரு யோசிக்கிறாருன்னா பொறுப்போம். நம்ம கைய வச்சா ஒன் பேரு கெட்டுரும்” என்றாள்.

அப்புறம் அந்த நாள். பத்து மணி இருக்கும். குளத்துக்கு மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். டர்பன்டைன் மரத்தில் இருந்த குளவிக்கூடு காற்றில் கலைந்தது. பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். செல்வி மதினி தேயிலைச் செடியில் சேலை மாட்டி விழுந்துவிட்டாள். விழுந்தவள்மேல் அத்தனையும் போய் மொய்த்தன.

கூச்சல் கேட்டு நான் பங்களா விறாந்தைக்கு வந்தேன். அதற்குள் கம்பளி கட்டிவிட்டார்கள். மாரிமுத்து அண்ணன் முன்னால், இன்னும் மூன்று பேர், பக்கத்தில் அக்கா. குளக்கரையில் அவர்கள் வந்த வேகத்தை நான் பார்த்தேன். ஓட்டம் என்றே சொல்லவேண்டும். ஒருவருடைய கால்கூடத் தடுமாறவில்லை. எங்கள் விருந்தினர் இருவர் எதிரே நடந்து வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். அதில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். எனக்கு அப்போதுதான் கேட் ஞாபகம் வந்தது. செருப்பையும் போட்டுக்கொள்ளாமல் ஓடினேன்.

நான் போய்ச் சேரும்போது அவர்கள் கேட்டில் நின்றிருந்தார்கள். கம்பு கூண்டுக்குள் திரும்பவில்லை. பின்னுக்கு இழுத்து, சாய்த்து, மறுபடி நுழைத்துப் பார்த்தார்கள். கம்பளியைக் கீழே இறக்கினார்கள். அண்ணன் மதினியை முதுகில் ஏற்றிக்கொண்டு நுழைந்தார். இரண்டு உடம்பு அந்தக் கூண்டில் திரும்ப முடியாது. மதினி வேறு வீங்கிப்போயிருந்தாள். கடைசியில் இரண்டு பேர் ஆற்றுக்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, கூண்டுக் குழாய்க்கு மேலால் அவளை வாங்கினார்கள். அக்கா உள்ளேயிருந்து மதினியின் தலையைத் தாங்கிப் பிடித்துக் கொடுத்தாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. கேட்டுக்கு உள்பக்கம் இருக்கும்வரை மதினி பேசிக்கொண்டிருந்தாள். தண்ணி கேட்டாள், கூடையை யாராவது எடுத்தீர்களா என்று கேட்டாள். வெளிப்பக்கம் போனபிறகு பேசவில்லை. ரோட்டில் த்ரீவீலர் தயாராக நின்றது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது.

கேட் இல்லாவிட்டாலும் அவள் செத்துத்தான் இருப்பாள் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று எத்தனையோ பேரிடம் சுற்றிவளைத்துக் கேட்டிருக்கிறேன். விடுதிக்கு வந்த ஒரு டாக்டரிடம்கூடக் கேட்டேன். “சொல்லமுடியாது” என்றார். அந்த ஒரு சொல்லோடுதான் நான் இருக்கிறேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் முதலாளி கொழும்பிலிருந்து வந்தார். லயத்து ஆட்கள் எல்லாரும் கேட்டில் கூடியிருந்தார்கள். மாரிமுத்து அண்ணன் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், அழுதுகொண்டே, அந்தக் கூண்டை உதைத்து உதைத்துக் காட்டினார். முதலாளி முகம் வெளுத்து நின்றார். பிறகு எல்லாரையும் பார்த்துக் கேட்டார்.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரே நாளில் மாற்றியிருப்பேனே. படி வேண்டாம் என்றபோது கேட்கவில்லையா? இதை ஏன் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை?”

எல்லாரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். லயத்தில் யாருக்கும் விஷயம் தெரியாது, அக்கா என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். மூன்று மாதமாக நான் சொன்னது பொய் என்று அவளுக்கு விளங்கியது அந்த நேரத்தில்தான். அவள் முகத்தில் அது இறங்கியதை நான் பார்த்தேன். வாயைத் திறக்கப்போகிறாள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

“நான்தான் சேர்” என்றாள் அக்கா. “நான் பாத்தேன், கம்பளி திரும்பாதுன்னு எனக்குத் தெரியும். சொல்லணும்னு இருந்தேன். மறந்துட்டேன்.”

யாரோ அதை அரைகுறைச் சிங்களத்தில் சொன்னார்கள். முதலாளி கையை விரித்தார். மாரிமுத்து அண்ணன் அக்கா பக்கம் திரும்பினார். அவர் அடிக்கவில்லை. “ஏன் போஞ்சியப் புடுங்க மறக்கல்ல நீ?” என்று மட்டும் கேட்டார்.

நான் அங்கேயே நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கமும் துக்கமும் அப்புறம்தான் வந்தன. அந்த நிம்மதியை மட்டும் என்னால் மறக்கவே முடியவில்லை.

அன்று பிற்பகலே வெல்டிங்காரர் வந்து கேட்டை அறுத்து எடுத்தார். சின்ன வேலைதான். தேநீர் ஆறுமுன் முடிந்துவிட்டது.

லயத்தில் அக்காவோடு யாரும் சண்டை போடவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். பைப்படியில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள். மலையில் அவளுக்குப் பக்கத்து நிரையில் நிற்க ஆள் இல்லை. பாதைக்காரியாம் பாதைக்காரி என்று அவள் காதுபடச் சொன்னார்கள். ஒரு கிழமை பொறுத்துவிட்டு நான் அவள் காம்பராவுக்குப் போனேன். அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள்.

“நான் போய் எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லிர்றேன்க்கா” என்றேன். சொல்லும்போதே அவள் வேண்டாம் என்று சொல்லவேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

“சொல்லி?” என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. “ஒன்ன நிப்பாட்டிருவாரு. கொழும்புல இருந்து ஒருத்தியக் கொண்டாந்து உக்கார வப்பாரு. அவகிட்டப் போயி நம்ம ஆளு எந்த பாஷையில எதச் சொல்றது? நீ இருந்தா நாளைக்கு ஒண்ணுன்னா ஒரு வார்த்த சொல்லலாம். ஒன்ன விட்டா நமக்கு வேற யாரு இருக்கா?”

அது மன்னிப்பு இல்லை. என்மேல் இருந்த பிரியத்தாலும் இல்லை. பாதையில் உதவாத கல்லையும் எடுத்து எங்காவது கரைக்கு அணை வைப்பாள், அந்த மாதிரி என்னையும் வைத்துவிட்டாள். எனக்குத் தேநீர்கூட ஊற்றவில்லை.

மழைக்காலம் தொடங்குமுன் அவள் மொனராகலைக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே கரும்புத் தோட்டத்தில் வேலை என்று கேள்விப்பட்டேன். வெயில் ஊர், சமதரை. நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. போன் நம்பர் இருக்கிறது. இரண்டு முறை அழைத்து, மணி அடிக்குமுன் வைத்துவிட்டேன்.

இப்போது நான் மனேஜர். பாதையில் மானாப்புல் ஏறாமல் மெஷின் வைத்து வெட்டுகிறோம். கல்லும் வேரும் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தலைகாட்டத் தொடங்கிவிட்டன. நடக்கிறவர்களுக்கு அது பெரிதாகத் தெரிவதில்லை. அட்டையில் ‘மிகவும் எளிது’ என்றே இருக்கிறது. மாரிமுத்து அண்ணனுக்கு விடுதித் தோட்டத்தில் வேலை போட்டுக் கொடுத்தேன். நன்றாகச் செய்கிறார். விருந்தினர்களைக் குளத்தைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போவதும் அவர்தான்.

போன கிழமை மதினியின் திவசம். அண்ணன் லீவு கேட்டு என் அறைக்கு வந்தார். கொடுத்தேன். போகாமல் வாசலில் நின்று தொப்பியை உருட்டிக்கொண்டிருந்தார்.

“என்னாண்ணே?”

“ஒண்ணுமில்ல புள்ள. நீ எங்களுக்கு எவ்வளவோ செஞ்சிருக்க. சேர் கிட்ட எதுனாலும் நீதான் பேசுற. அதான் நெனச்சுக்கிட்டேன்...” வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். “அந்தப் பொம்பள அன்னைக்கு ஒங்கிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நீ சொல்லாம இருந்திருப்பியா?”

“இல்லண்ணே,” என்றேன். “இருந்திருக்கமாட்டேன்.”